ஆட்டம் பார்க்கும் முறை

உதைபந்தாட்டம் ஆடுவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆட்டம் பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று கூறின் நகைப்பார் பலர் உளர். கண் இருக்கின்றது, பந்து இருக்கின்றது, பார்ப்பதற்கு வேறென்ன வேண்டும் என்று அவர்கள் வினவக்கூடும். ஆயினும் ஆட்ட நாளன்று நம் மைதானங்களின் எல்லைக்கோட்டருகே கூடிநிற்கும் கூட்டத்தைச் சிறிது நேரம் உற்றுநோக்குவார்க்கு உண்மை விளங்கும். பந்து செல்லும் திசையிலேயே எல்லாக் கழுத்துகளும் திரும்புகின்றன. பந்தைத் தொட்டவன் பெயர் மட்டுமே கூவப்படுகின்றது. கோல் போட்டவன் எவன், கோலை விட்டவன் எவன் என்னும் இரண்டு செய்திகளே ஆட்டம் முடிந்தபின் வீடு சென்று சேர்கின்றன. எஞ்சியவை, அதாவது ஆட்டத்தின் பெரும்பகுதி, காண்பாரின்றிக் கழிந்துவிடுகின்றன.

இதனை வெறும் இரசனைக் குறைவு என்று தள்ளிவிடுதற்கில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில், பார்ப்போரின் கண்ணும் வாயும் ஆட்டத்தையே மாற்ற வல்லன. கல்லூரி அணி ஆடும்போது வந்துநிற்கும் பழைய மாணவர்களாகிய நாம் எதைப் பார்த்தல் வேண்டும், எதைப் பேசுதல் வேண்டும், எப்பொழுது வாளாவிருத்தல் வேண்டும் என்பவற்றை ஆட்ட நாளின் ஒழுங்கிலேயே எடுத்துக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமும் பந்தும்

இலங்கையின் வேறு பல ஊர்களிற் போலவே திருகோணமலையிலும் உதைபந்தாட்டம் பிரித்தானியப் படையினரோடு வந்து சேர்ந்தது. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியரின் கப்பல்கள் சென்றன. பந்து மாத்திரம் இங்கேயே தங்கிவிட்டது. மக்கெய்சர் மைதானத்திலும் ஏகாம்பரம் மைதானத்திலும் மாலை வேளைகளில் அதனை உருட்டாத இளைஞர் தலைமுறை இவ்வூரில் இல்லை எனலாம்.

நம் கல்லூரிக்கு இவ்விளையாட்டோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1925ஆம் ஆண்டில் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. விபுலாநந்த அடிகள் அதன் தலைமையை ஏற்று நடத்தினார். அச்சங்கத்தைத் தோற்றுவித்த விவேகாநந்த அடிகளோ, 1897இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், கீதை படிப்பதினும் உதைபந்து ஆடுவதே இளைஞரை விண்ணுலகுக்கு அணித்தாகக் கொண்டுசெல்லும் எனும் கருத்தை வெளியிட்டவர். உடல்வலிமை பெற்றவனே கீதையின் பொருளையும் நன்கு உணர்வான் என்பது அவர் கொள்கை. ஆகவே படிப்பை விட்டுப் பந்தின் பின்னால் ஓடுகின்றான் என்று பிள்ளையைக் கடியும் பெற்றோர்க்கு, கல்லூரியின் மரபிலேயே ஒரு மறுமொழி இருக்கின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இம்மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே மைதானத்திற் சந்திக்கின்றனர். கிண்ணியாவும் மூதூரும் உதைபந்தாட்டத்தில் ஆர்வம் மிக்க ஊர்கள். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அவ்வூர்ப் பிள்ளைகள் பாதையில் ஏறித் துறை கடந்தே நகருக்கு வந்தனர். அதே ஆண்டிலேதான் நீண்ட போரும் முடிந்தது. இன்று கீழ்வயதுப் பிரிவுகளில் ஆடுவோர் அதன் பின்னர் பிறந்தவர்கள். இவர்களுட் பலர்க்கு மற்றச் சமூகத்துப் பிள்ளையோடு தோளோடு தோள் உரசும் முதல் இடம் இந்த மைதானமே. ஆதலின் எல்லைக்கோட்டிலிருந்து எழும் தகாத சொல் ஒன்று ஒரு பிள்ளையின் காதோடு நில்லாது, அவன் ஊர் வரை செல்லும் என்பதை மறத்தலாகாது.

ஆட்டத்துக்கு முன்

ஆட்டம் தொடங்குதற்கு அரைமணி நேரம் முன்னரே மைதானத்துக்குச் செல்லுதல் நன்று. முதலிற் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். ஒருவனது சப்பாத்து புதியது. மற்றொருவனது சப்பாத்து தமையனுடையது. முனையிலே துணி அடைக்கப்பட்டிருக்கும். அடி தேய்ந்த சப்பாத்தோடு ஆடுபவன் திரும்பும்போதெல்லாம் வழுக்குவான். அதை அறியாதவன், "இவனுக்குக் கால் உறுதியில்லை" என்று தீர்ப்புக் கூறிவிடுவான்.

அடுத்துக் காற்றைப் பாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை நம் ஊரில் வீசும் கச்சான் வெப்பமும் வறட்சியும் உடையது. அக்காலத்தில் நிலம் இறுகிப் பந்து உயர எழும்பும். விதிப்படி ஒரு பந்தின் நிறை 410 முதல் 450 கிராம் வரையே. ஆகவே உயர அடித்த பந்து காற்றின் கைப்பொருளாகிவிடும். கார்த்திகை மார்கழியில் வாடையோடு மழை வரும்போது நிலைமை தலைகீழாகும்: தேங்கிய நீரில் பந்து நின்றுவிடும், தரையோடு கொடுத்த பந்து நண்பனைச் சேராது. நாணயச் சுழற்சியில் வென்ற அணித்தலைவன் எப்பக்கத்துக் கோலை நோக்கி ஆடுவது என்பதையோ, தொடக்க உதையையோ தெரிந்துகொள்ளலாம் என்பது 2019 முதல் உள்ள விதி. நம் தலைவன் எதைத் தெரிந்தான், ஏன் தெரிந்தான் என்று எண்ணிப் பார்ப்பதே ஆட்டம் பார்ப்பதன் முதற் பாடம். காற்றுக்கு எதிராக முதற்பாதியை ஆடத் துணிந்தானாயின், வலு இருக்கும்போது இடரைத் தாங்கிக் களைப்புற்ற வேளையிற் காற்றின் துணையைப் பெற எண்ணினான் என்பது பொருள்.

பந்தைவிட்டுக் கண்ணை எடுத்தல்

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். முழு ஆட்டம் 90 நிமிடம். பந்து வெளியே செல்வதும், தண்ட உதைக்காக நிறுத்தப்படுவதுமாக அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கழிந்துவிடும். எஞ்சிய அறுபது நிமிடத்தை 22 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவனுக்கு மூன்று நிமிடமும் வாராது. பந்து எவர் காலிலும் இன்றி ஓடும் நேரத்தையும் கழித்தால் அது இன்னுங் குறையும். இளையோர் ஆட்டங்கள் பெரும்பாலும் 90 நிமிடத்தினும் குறுகியவை. அங்கே கணக்கு மேலும் சுருங்கும். அப்படியானால் எஞ்சிய நேரமெல்லாம் அப்பிள்ளை யாது செய்கின்றான்? அவன் ஆட்டத்தின் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. பந்தை மட்டும் பார்ப்பவன் அதனைக் காண்பதில்லை.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு பயிற்சி கூறுவேன். ஆட்டத்தின் முதற் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பிள்ளையைத் தெரிந்து, பந்து எங்கே சென்றாலும் அவனையே பாருங்கள். இடப்பக்கப் பின்காவலனைத் தெரிந்துகொள்வோம். பந்து வலக்கோடியில் இருக்கும்போது அவன் தன் ஓரத்திலேயே நிற்கின்றானா, அன்றி நடுவை நோக்கி ஒதுங்கி வந்து நடுக்காவலனுக்குத் துணையாக நிற்கின்றானா? பந்து இப்பக்கம் திரும்பும்போது உடனே தன் இடத்தை அடைகின்றானா? பத்து முறை அவன் அவ்வாறு ஓடினும், ஒருமுறைகூடப் பந்து அவனிடம் வாராதிருக்கலாம். ஆயினும் எதிரணியின் ஓரவீரன் பந்தைப் பெறாமைக்கு அந்தப் பத்து ஓட்டங்களே காரணம். அவன் பெயரை அன்று எவரும் கூவமாட்டார்.

நடுவில் ஆடும் பிள்ளையிடம் வேறொன்றைப் பார்க்க வேண்டும். பந்து தன்னிடம் வருவதற்கு முன் எத்தனை முறை அவன் தலையைத் திருப்பித் தன் தோளுக்கு அப்பால் நோக்குகின்றான்? நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெயர் ஜோர்டெட் என்பவர் இங்கிலாந்தின் முதற்றர வீரர்களை ஒளிப்படமாக்கி இதனை ஆராய்ந்தார். பந்தைப் பெறுமுன் அடிக்கடி சுற்றுமுற்றும் பார்ப்பவர்களே, பெற்றபின் அதனை முன்னோக்கித் தவறாது கொடுக்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. கால் வேகத்துக்கும் உடற்பருமனுக்கும் இப்பழக்கத்தோடு தொடர்பில்லை. எந்தப் பிள்ளையும் பழகிக்கொள்ளக்கூடிய ஒன்று இது. எல்லைக்கோட்டில் நிற்கும் நாமும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒன்று.

சிறிய பிள்ளையின் வழக்கு

அணியிற் சிறியவனைக் கண்டால், "இவனை ஏன் சேர்த்தார்கள்?" என்று கேட்பது நம் வழக்கம். இதற்கும் அறிவியல் மறுமொழி கூறியுள்ளது. வயதுப் பிரிவைக் கணிக்கும் நாள் ஒன்று உண்டு. அந்நாளுக்கு அடுத்துப் பிறந்தவனுக்கும், அவ்வாண்டின் இறுதியிற் பிறந்தவனுக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டு மாத வேறுபாடு இருக்கும். இரண்டு ஆண்டுக்கொரு பிரிவு எனின் வேறுபாடு இருபத்துநான்கு மாதத்தை எட்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் அந்த மாதங்கள் பல அங்குல உயரத்துக்கும் பல இறாத்தல் நிறைக்கும் சமம். 1980களிற் கனடாவின் ஐஸ் ஹொக்கி அணிகளை ஆராய்ந்தவர்கள், தெரிவு பெற்றவருட் பெரும்பாலார் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவராய் இருத்தலைக் கண்டனர். பின்னர் உதைபந்தாட்டத்திலும் அவ்வாறே காணப்பட்டது. திறமை தை மாதத்தில் மிகுதியாகப் பிறப்பதில்லை. முந்திப் பிறந்தவன் பெரியவனாய் இருத்தலால் தெரிவு பெறுகின்றான். தெரிவு பெற்றதால் மிகுதியான பயிற்சி பெறுகின்றான். பயிற்சியால் உண்மையிலேயே திறமை பெறுகின்றான். பிந்திப் பிறந்தவனோ மனஞ்சோர்ந்து பந்தைத் துறந்துவிடுகின்றான்.

ஆதலின் ஒரு பயிற்றாசிரியர் சிறியவன் ஒருவனைக் களத்தில் இறக்கியிருப்பாராயின், அவர் எதையோ கண்டிருக்கின்றார் என்று கொள்ளுதல் வேண்டும். அது யாது என்று தேடுவதே நம் வேலை. உடலால் மோத இயலாதவன் முந்திச் சிந்திக்கக் கற்றிருப்பான். அவன் பந்தைப் பெறுமுன் எத்தனை முறை தலையைத் திருப்பினான் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கக்கூடும்.

விதியும் மத்தியஸ்தரும்

ஆட்ட நாளில் மிகுதியான பூசலை விளைப்பது ஓப்சைட் விதி. முன்னர்ப் பந்து பெறுபவனுக்கும் எதிரணிக் கோற்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என விதித்திருந்தனர். 1925இல் அது இருவராகக் குறைக்கப்பட்டது, கோல்கள் பெருகின. இன்றுள்ள விதியில் மூன்று செய்திகளை நினைவிற்கொண்டால் பாதிப் பூசல் ஒழியும். ஒன்று, நண்பன் பந்தை உதைத்த கணத்தில் முன்னணி வீரன் நின்ற இடமே கணக்கு. அதனைப் பெற்ற இடம் அன்று. இரண்டு, தன் அணியின் பாதியில் நிற்பவன் ஓப்சைட் ஆவதில்லை. பந்துக்குப் பின்னால் நிற்பவனும் ஆவதில்லை. மூன்று, கோல் உதை, மூலை உதை, எல்லை எறிதல் ஆகியவற்றிலிருந்து நேரே பந்தைப் பெறுபவனும் ஓப்சைட் ஆகான்.

உதைக்கும் கணத்தையும், ஐம்பது யார் அப்பால் நிற்பவனின் இடத்தையும் ஒருங்கே காண்பதற்கு, கடைசிக் காவலனுக்கு நேரே கோட்டில் நிற்றல் வேண்டும். அங்கே நிற்பவர் துணை மத்தியஸ்தர் ஒருவரே. கோற்கம்பத்துக்கு அருகே நிழலில் நிற்கும் நமக்கு அது புலப்படாது. புலப்படாத ஒன்றைப் பற்றி உரத்துக் கூவுதலை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பது நினைவிலிருக்கட்டும். நாம் மத்தியஸ்தரை வைத வசையை அடுத்த நிமிடத்தில் அவர்கள் வாயிற் கேட்போமாயின், அட்டை பெறுவது அவர்களே, நாம் அல்லேம்.

எல்லைக்கோட்டுக் கூச்சல்

இனி, இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருவோம். பந்து ஒரு பிள்ளையிடம் வருகின்றது. எதிரணியினன் ஒருவன் அவனை நெருங்குகின்றான். "அடி!" என்கின்றார் தந்தையார். "கொடு!" என்கின்றார் பழைய மாணவர் ஒருவர். "பிடித்து ஆடு!" என்கின்றது இன்னொரு குரல். பயிற்றாசிரியரின் குரல் இவற்றுள் எங்கோ மூழ்கிவிடுகின்றது. அக்கணத்தில் அப்பிள்ளை செய்யவேண்டியது யாது? சுற்றுமுற்றும் பார்த்துத் தன் முடிவைத் தானே செய்தல். அவன் செய்வது யாது? குரல் வந்த பக்கத்தைப் பார்த்தல். பார்த்து முடிப்பதற்குள் பந்து பறிபோய்விடும். "பராக்குப் பார்க்கின்றான்" என்று அதே குரல்கள் அவனைக் கடியும்.

இவ்வாட்டம் ஒரு பிள்ளைக்குத் தரக்கூடிய பெருஞ்செல்வம், நெருக்கடியிற் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நொடியில் தானே முடிவு செய்யும் ஆற்றலாகும். கேடயம் துருப்பிடிக்கும், இவ்வாற்றல் வாழ்நாள் முழுவதும் உடன்வரும். நாம் ஒவ்வோர் உதைக்கும் ஆணையிடும்போது அதனை அவனிடமிருந்து எடுத்துவிடுகின்றோம். அன்பினாலேதான் எடுக்கின்றோம், ஆயினும் எடுக்கின்றோம்.

இத்துன்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. உதைபந்தாட்டத்துக்கு விதிவகுத்த இங்கிலாந்திலேயே இளையோர் ஆட்டங்களிற் பெற்றோரின் கூச்சலும் மத்தியஸ்தர் மீதான வசையும் எல்லை கடந்தமையால், 2008இல் அந்நாட்டுச் சங்கம் மரியாதை இயக்கம் ஒன்றைத் தொடங்கி, பார்ப்போர் நிற்பதற்கெனத் தனி இடம் வகுத்து அறிவுறுத்தியது. பின்னர்ச் சில வார இறுதிகளில் எவரும் கைதட்டுதலன்றி வாய்திறவாது பார்க்குமாறும் கேட்டுக்கொண்டது. நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. நல்ல ஆட்டத்தைப் புகழுதல் எந்நேரமும் தகும். எதிரணியின் நல்ல ஆட்டமாயினும் தகும். ஆணையிடுதலை மட்டும் பயிற்றாசிரியருக்கு விட்டுவிடுவோம்.

இடைவேளை

இடைவேளையிற் பிள்ளைகள் நிழலில் அமர்ந்து தோடம்பழத் துண்டும் தண்ணீரும் அருந்துவர். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் அவர்களுக்கும் பயிற்றாசிரியருக்கும் மட்டுமே உரியது. தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்து அறிவுரை கூறுதலைத் தவிர்த்தல் வேண்டும். அவ்வேளையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது வெப்பம். கச்சான் காலத்துப் பிற்பகலில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பது பிள்ளைக்கே தெரிவதில்லை. கடும் வெயிலில் ஆட்டத்தின் நடுவே ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை குளிர்ச்சி இடைவேளை கொடுப்பதற்கு இன்றைய விதி இடந்தருகின்றது. போட்டி நடத்துவோர் அதைக் கேட்டுப் பெறலாம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் கண்ட பிள்ளையை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, நீர் ஊற்றி உடலைக் குளிர்வித்தல் வேண்டும். சித்தம் தடுமாறினால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தாமதித்தலாகாது. இரண்டாவது தலையடி. கோற்கம்பத்திலோ மற்றொருவன் தலையிலோ மோதியவன் எழுந்து ஓடத்தொடங்கினால், "வீரன்!" என்று கைதட்டியது ஒரு காலம். மூளை அதிர்ச்சியின் ஐயம் சிறிதளவு இருப்பினும் அன்று அவன் மீண்டும் ஆடலாகாது என்பது இன்று உலகெங்கும் மருத்துவர் ஒருப்பட்ட முடிபு. தலையால் முட்டுதலின் தீங்கை அஞ்சி, 2020இல் இங்கிலாந்து தன் ஆரம்பப் பாடசாலை வயதினர்க்குப் பயிற்சியில் அதனையே விலக்கியது. வெற்றிக்கோல் வேண்டி நிற்கும் கூட்டம், "அவனை எடுக்காதீர்கள்" என்று கூவும்போது, எடுத்துவிடும் ஆசிரியரின் பக்கம் நாம் நிற்றல் வேண்டும்.

இருக்கையில் அமர்ந்திருக்கும் மாற்று வீரர்களையும் ஒருமுறை பாருங்கள். ஒரு பருவம் முழுவதும் பயிற்சிக்கு வந்து, ஆட்ட நாளில் தண்ணீர்ப் போத்தல் சுமப்பவன் அவர்களுள் ஒருவன். அவன் பெயரையும் அறிந்துவைத்திருக்கும் பழைய மாணவரே உண்மையில் அணியை அறிந்தவர்.

ஆட்டம் முடிந்தபின்

இறுதிச் சீழ்க்கை ஒலித்தபின் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பிள்ளைகள் எதிரணியினரோடும் மத்தியஸ்தரோடும் கைகுலுக்குகின்றார்களா என்று பாருங்கள். கோல் காப்பாளனிடம் எவர் முதலிற் செல்கின்றார் என்றும் பாருங்கள். மற்றப் பதின்மரின் தவறுகள் அடுத்த தவறில் மறைந்துவிடும். கோல் காப்பாளனின் தவறு ஒன்றே எண்ணாகப் பதிக்கப்படுவது. ஆனால் அப்பந்து அவனை அடைவதற்கு முன் பத்துப் பேரைக் கடந்தே வந்தது. பந்தை விட்டுக் கண்ணை எடுத்துப் பார்க்கப் பழகியவர்க்கு அக்கோல் எங்கே தொடங்கியது என்பது தெரிந்திருக்கும். ஆகவே வீடு செல்லும் வழியில் அப்பிள்ளையிடம் நியாயமாகப் பேச அவருக்கு இயலும். "இன்று இடப்பக்கம் நீ ஒதுங்கி வந்து காத்ததைப் பார்த்தேன்" என்று ஒரு பின்காவலனிடம் கூறும் ஒரு சொல், கோல் போட்டவனுக்குக் கிடைக்கும் நூறு கைதட்டலினும் நெடுநாள் நிற்கும்.

பழைய மாணவர் சங்கத்துக்கும், இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலாய நகரங்களில் வாழும் நண்பர்களுக்கும் ஈற்றில் ஒரு வேண்டுகோள். கேடயமும் கிண்ணமும் அன்பளிப்புச் செய்வோர் எந்நாளும் உளர். வளரும் கால்களுக்குப் பல அளவுச் சப்பாத்துகள், குடிநீர்க் கலங்கள், முதலுதவிப் பெட்டி, தூரத்துப் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர ஒரு வண்டி ஆகியவற்றைக் கொடுப்போர் அருமை. இவற்றோடு, ஆட்டந்தோறும் எவர் ஆடினர், எவர் மாற்றாக இறங்கினர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க ஒரு பழைய மாணவர் முன்வருவாராயின், அடுத்த விழா மலரில் வெற்றி தோல்விக் கணக்கோடு, பந்தின்றி ஓடியவர்களின் பெயர்களும் இடம்பெறும்.